ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மாவுக்குச் சுகர் 286 எப்படி வந்தது?

கேள்வி: டாக்டர், நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். நான் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு வயது 57, பதினோரு வருடமாகச் சுகர். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. காலையில் கூடவே டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. போன மாதம் பித்தப்பைக் கல்லுக்குத் துளை போட்டு ஆபரேஷன் செய்தார்கள். ‘டாபா மாத்திரையை மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள்’ என்றார்கள். நாங்கள் பயந்துபோய் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டோம். ஆபரேஷன் அன்று காலை சுகர் 172. வார்டுக்குக் கொண்டுவந்தபோது 286. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சித்திதான் யாருக்கும் தெரியாமல் எதையோ கொடுத்துவிட்டார் என்று வீட்டில் பெரிய சண்டை. அப்புறம் மூன்று நாள் இன்சுலின் போட்டார்கள். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போட வேண்டுமாமே? டிஸ்சார்ஜ் சீட்டில் ‘பழைய மாத்திரைகளைத் தொடரவும்’ என்று மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள், விடியற்காலை நாலு மணிக்கு அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கியது. மீட்டரில் 58. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். அதே மாத்திரை, அதே அளவு. இத்தனை வருடம் ஆகாதது இப்போது ஏன்? இரண்டு மாதத்தில் கண்புரை ஆபரேஷன் வேறு இருக்கிறது. மறுபடியும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் எழுதவில்லை. அந்த 58-ஐத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். 286 முடிந்துபோன விஷயம். 58 இன்றிரவும் வரலாம்.

சுகர் 70-க்குக் கீழே போனாலே அது லோ சுகர். நீங்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தது சரி. மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடரை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீட்டரில் மறுபடி பார்க்க வேண்டும். 70-ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். தாண்டியதும் இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். ஆனால் கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்களுக்கு விஷயம் அதோடு முடிவதில்லை. அந்த மாத்திரை கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க உடம்பில் வேலை செய்யும். நீங்கள் கொடுத்த சர்க்கரையின் பலன் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், மாத்திரை தீராது. அதனால் சுகர் மறுபடி இறங்கலாம். லோ வந்த நாளில் ‘சரியாகிவிட்டது’ என்று அம்மாவைத் தனியே படுக்க விடாதீர்கள், அடுத்த 24 மணி நேரம் அடிக்கடி மீட்டரில் பாருங்கள். ஒருவேளை நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், அது நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்றே சுகர் டாக்டரைப் பார்த்து, இந்த 58-ஐச் சொல்லி, இரவு மாத்திரையை மாற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரவு வேளையில் இருக்கும் கிளிமிபிரைடைக் குறைப்பார், அல்லது எடுத்தே விடுவார். ‘பாதி மாத்திரை கொடுத்தால் போதாதா’ என்று நீங்களே அதை உடைத்துவிடாதீர்கள். உங்கள் அம்மாவுடையதைப் போன்ற கூட்டு மாத்திரைகளில் மெட்ஃபார்மின் பெரும்பாலும் மெதுவாகக் கரையும் விதத்தில் செய்யப்பட்டிருக்கும். உடைத்தால் அந்த அமைப்பு கெட்டு, மருந்து மொத்தமாக இறங்கிவிடும். இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழி. கூடவே சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று எடுங்கள். ஸ்டான்லியிலோ தண்டையார்பேட்டை அரசு புறநகர் மருத்துவமனையிலோ அதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

சரி, அதே மாத்திரை இப்போது மட்டும் ஏன் இப்படிச் செய்தது? மாத்திரை மாறவில்லை, அம்மாவின் உடம்பு மாறியிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பு இரவில் எவ்வளவு சாப்பிட்டார், இப்போது எவ்வளவு சாப்பிடுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். பித்தப்பை எடுத்தவர்கள் பல பேர் எண்ணெய்க்குப் பயந்து, ஒரு கிண்ணம் கஞ்சியோ ஒன்றரை இட்லியோ சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். கிளிமிபிரைடுக்கு இது தெரியாது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். எடையும் இரண்டு மூன்று கிலோ குறைந்திருக்கலாம். ஆபரேஷன் ஆன நாட்களில் சுகரை ஏற்றிக்கொண்டிருந்த ஹார்மோன்களும் காயம் ஆற ஆற அடங்கிவிடும். ஏற்றுகிற கை ஓய்ந்துவிட்டது, இறக்குகிற கை பழைய வேகத்திலேயே இருக்கிறது. விடியற்காலை 58 அப்படித்தான் வரும்.

இன்னும் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்கிறேன். ஒன்று, டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த ஆன்டிபயாடிக் என்ன என்று அந்த அட்டையில் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகையாக இருந்தால், கிளிமிபிரைடோடு சேரும்போது அவை சுகரைத் தாழ்த்தக்கூடியவை. இன்னொன்று, நம் வடசென்னை வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் மாத்திரை ஒரு டப்பாவில் இருக்கும். தனியார் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தது இன்னொரு கவரில் இருக்கும். பெயர் வேறாக இருப்பதால் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். உள்ளே இருப்பது ஒரே மருந்து. 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து மாத்திரை வாங்க முடியாமல் விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள், எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். ஆனால் உங்கள் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதை நீங்கள் சொன்னால்தான் மாத்திரை கொண்டுவரும் அந்த அம்மாவுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் பழைய அளவுதான் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும்.

‘பழைய மாத்திரைகளைத் தொடரவும்’ என்ற அந்த ஒரு வரி எனக்கு வருத்தமாக இருக்கிறது. எந்த மாத்திரை, எந்த நாளிலிருந்து, எவ்வளவு சாப்பிட ஆரம்பித்த பிறகு, எந்த அளவு என்று எழுத நாலு வரி போதும். சுகர் மாத்திரையின் அளவு என்பது அந்த நேரத்து உடம்புக்காகப் போட்ட கணக்கு. ஆபரேஷனுக்கு முன்பு ஒரு கணக்கு, மேஜையில் படுத்திருக்கும்போது ஒரு கணக்கு, வீட்டுக்கு வந்து அரை வயிறு சாப்பிடும்போது இன்னொரு கணக்கு. அடுத்த முறை டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், கேட்பது உங்கள் உரிமை.

இனி அந்த 286. உங்கள் சித்தி எதையும் கொடுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, தம்பி. முதலில் வீட்டில் அதைச் சொல்லிவிடுங்கள். சர்க்கரை சாப்பாட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. கல்லீரல் ஒரு கிடங்கு. துறைமுகத்துக் கிடங்கு போலச் சரக்கை அடுக்கி வைத்துக்கொண்டு, மேலிடத்து உத்தரவு வந்ததும் கதவைத் திறந்துவிடும். டாக்டர் கையில் கத்தியோடு நிற்கிறார், இது நல்லதுக்குத்தான் என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியாது. வெட்டுப்பட்டது, ஆபத்து என்றுதான் எடுத்துக்கொள்ளும். அட்ரினலின், கார்டிசால், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்கள் எகிறும். அவை கல்லீரலை உசுப்பி, சேர்த்து வைத்த சர்க்கரையை வெளியே தள்ளச் சொல்லும், புதிதாகவும் உண்டாக்கச் சொல்லும். அதே நேரத்தில் தசைகள் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் போகும். சுகரே இல்லாதவர்களுக்குக்கூடப் பெரிய ஆபரேஷனில் சர்க்கரை கொஞ்சம் ஏறும். சுகர்காரர்களுக்கு இன்சுலின் கையிருப்பு ஏற்கனவே குறைவு என்பதால் நன்றாகவே ஏறும். வயிற்றைத் திறந்து செய்வதைவிடத் துளை போட்டுச் செய்வதில் இந்த அதிர்ச்சி குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. முதல் ஓரிரு நாள் உச்சத்தில் இருந்துவிட்டு மெல்ல அடங்கும். முழுசாக அடங்கச் சிலருக்குச் சில வாரம்கூட ஆகும்.

இதோடு மயக்க மருந்து டாக்டர் வாந்தி வராமலிருக்க டெக்சாமெத்தசோன் ஊசி போட்டிருக்கலாம். பித்தப்பை ஆபரேஷனில் அது வழக்கம். அது ஸ்டீராய்டு, சுமார் ஒரு நாளுக்குச் சுகரை ஏற்றும். வலியும் ஏற்றும். அப்புறம் நீங்கள் மூன்று நாள் எல்லா மாத்திரையையும் நிறுத்தியதும் ஒரு காரணம். காலையிலேயே 172 இருந்தது அதனால்தான். பயத்தில் செய்தீர்கள், அதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் மூன்று நாள் நிறுத்தச் சொன்னது ஒரே ஒரு மாத்திரையை. அது ஏன் என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புவது.

டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற அருமையான மருந்து, நானே நிறைய எழுதுகிறேன். ஆனால் பட்டினியும் ஆபரேஷனின் அதிர்ச்சியும் சேரும்போது அதற்கு இன்னொரு முகம் உண்டு. உள்ளே சாப்பாடு வரவில்லை, இருக்கிற சர்க்கரையும் சிறுநீரில் போகிறது, இன்சுலினும் போதவில்லை. அப்போது உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். கொழுப்பு எரிந்தால் கீட்டோன் என்ற அமிலம் சேரும், ரத்தமே அமிலமாகும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. வழக்கமாக இப்படி ஆகும்போது சுகர் 300, 400 என்று ஏறி மணி அடித்துவிடும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மீட்டரில் 180 என்றுகூடக் காட்டும். வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு வாங்குவது, அசதி எல்லாம் வரும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கு இவையெல்லாம் இருந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? ஆபரேஷன் வலி என்று விட்டுவிடுவார்கள். அதனால்தான் 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மருந்துகளுக்கு எச்சரிக்கை சேர்த்தது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் மூன்றையும் திட்டமிட்ட ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு நிறுத்த வேண்டும், எர்டுகிளிஃப்ளோசினை நாலு நாள் முன்பு. நிறுத்திய பிறகும் இதன் வேலை சில நாள் நீடிப்பதால்தான் இத்தனை முன்கூட்டியே நிறுத்துகிறோம். மறுபடி தொடங்குவது, பழையபடி வயிறாரச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான். அம்மா இன்னும் கஞ்சியில்தான் இருக்கிறார் என்றால், இந்த மாத்திரையை இப்போது கொடுக்கலாமா என்பதையும் இன்றே டாக்டரிடம் கேளுங்கள்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. 2020-இல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இங்கே முடிந்தது. விலை இறங்கியது, ஏகப்பட்ட கம்பெனிகள் செய்கின்றன. மெட்ஃபார்மினோடு, சிட்டாகிளிப்டினோடு, வில்டாகிளிப்டினோடு என்று கூட்டு மாத்திரைகளாகவும் வருகிறது. ‘ஒரே ஒரு மாத்திரைதான் சாப்பிடுகிறேன்’ என்று சொல்கிறவருக்கு உள்ளே மூன்று மருந்து இருக்கும். ஆகவே டாக்டரிடம் பெயரைச் சொல்லாதீர்கள், அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அம்மா சாப்பிடும் மற்ற இரண்டு மருந்தும் டாபாகிளிஃப்ளோசின் போலல்ல. கிளிமிபிரைடை முந்தின நாள் வழக்கம்போலக் கொடுக்கலாம், ஆபரேஷன் அன்று காலையில் கொடுக்கக் கூடாது. வெறும் வயிற்றில் அது லோ சுகரைக் கொண்டுவரும், மயக்கத்தில் இருப்பவர் வியர்ப்பதும் உளறுவதும் யாருக்கும் தெரியவராது. மெட்ஃபார்மின் அப்படி லோ சுகர் கொண்டுவரும் மருந்து இல்லை, ஆனால் அது சிறுநீரகம் வழியாக மட்டுமே வெளியேறும். ஆபரேஷனில் ரத்த அழுத்தம் இறங்கியோ நீர்ச்சத்து குறைந்தோ சிறுநீரகம் மந்தமானால் அது உடம்பில் தேங்கி, லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துவிடலாம். அதனால் அதையும் ஆபரேஷன் அன்று நிறுத்தி, சாப்பிட ஆரம்பித்து, கிரியாட்டினினும் சரியாக இருந்தால் மறுபடி கொடுப்போம்.

இன்சுலின் விஷயத்தில் அவர்கள் செய்தது சரியான வைத்தியம். ஆபரேஷன் சமயத்தில் சுகரை 100-க்கும் 180-க்கும் நடுவில் வைக்கப் பார்ப்போம். அதற்கு மேல் நின்றால் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோகும், தையல் சீழ் பிடிக்கும். அதற்கு மாத்திரை ஏன் உதவாது என்றால், குடல் சரியாக அசையாதபோது விழுங்கிய மாத்திரை எப்போது ரத்தத்தில் சேரும் என்று சொல்ல முடியாது. சேர்ந்த பிறகு திரும்ப எடுக்கவும் முடியாது. இன்சுலினை மணிக்கு மணி கூட்டலாம், குறைக்கலாம். நரம்பு வழியாகக் கொடுத்தால், நிறுத்திய சில நிமிடங்களிலேயே ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். அந்த மூன்று நாளுக்கு அதைவிட நம்பகமான மருந்து இல்லை.

ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் என்பது இல்லவே இல்லை. இந்தப் பயத்தால் வார்டில் ஊசியை மறுத்துவிட்டுக் காயம் ஆறாமல் அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மாத்திரைக்கே திரும்பிவிடுவார்கள், உங்கள் அம்மா திரும்பியது போல. சிலருக்கு இன்சுலின் தொடர்கிறது என்றால், ஆபரேஷனுக்கு முன்பே மாத்திரைகள் போதாமல் இருந்திருக்கும். மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் அது தெரியும். ஆபரேஷன் நேரத்து ஏற்றம் அதை உடனே பெரிதாக மாற்றாது. ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் அந்த எண்ணை நம்பக் கூடாது.

இப்போது கண்புரை. இது வேறு மாதிரி. சொட்டு மருந்திலோ கண்ணருகே ஒரு ஊசியிலோ மரத்துப்போக வைத்துச் செய்வது, உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. பல இடங்களில் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்வார்கள். எனவே முதல் கேள்வி, வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்பதுதான். வேண்டாம் என்றால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வேண்டும் என்றால் காலையில் முதல் ஆளாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள், அன்று காலை கிளிமிபிரைடு வேண்டாம், டாபாகிளிஃப்ளோசினைப் பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பதினோரு வருட சுகர் என்பதால் புரையோடு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். விழித்திரையில் கோளாறு இருந்தால் புரையை எடுத்தும் பார்வை முழுதாகத் திரும்பாது. அதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. நாள்பட வேலை செய்யும் இன்சுலின் போடுகிறவர்கள் ஆபரேஷன் என்றால் அதை முழுசாக விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் வழக்கமான அளவில் முக்கால் பங்கைக் கொடுப்போம், உங்கள் அளவை டாக்டர் சொல்வார். முதல் வகை சுகர் உள்ள பிள்ளைகளுக்கு இன்சுலினை நிறுத்தினால் அதுவே ஆபத்து. வாரம் ஒருமுறை போடும் செமாகுளூட்டைடு போன்ற ஊசி எடுப்பவர்கள், எடை குறைக்கப் போடுவதாக இருந்தாலும், மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அது இரைப்பையை மெதுவாக்கும். பட்டினி கிடந்தாலும் வயிற்றில் சாப்பாடு தங்கியிருந்து, மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குப் போகலாம்.

அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பார்க்க வருகிறவர்கள் பிரெட், ஹார்லிக்ஸ், இளநீர் என்று கொண்டுவருவார்கள். பகலில் அதில் சுகர் ஏறும், இரவில் பசியில்லாமல் படுத்து லோ ஆகும். காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. சுறாப் புட்டு, எண்ணெய் குறைத்த மீன் குழம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் காயம் ஆறத் தேவையான புரதம். அம்மாவுக்கு ஒத்துக்கொண்டால் தாராளமாகக் கொடுங்கள். சிறுநீரகப் பரிசோதனையில் ஏதாவது இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்துக்குக் காலை வெறும் வயிற்றில், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன், விடியற்காலை மூன்று மணிக்கு என்று சுகரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே அன்று இரவு என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுதுங்கள். 70-க்குக் கீழே இன்னொரு தடவை வந்தாலோ, வாந்தியோடு மூச்சு வாங்கினாலோ, தையல் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, ஒரு வாரம் வரை காத்திருக்க வேண்டாம், உடனே அழைத்துப் போங்கள். மற்றபடி அந்த நோட்டையும் கிரியாட்டினின் முடிவையும் ஆன்டிபயாடிக் அட்டையையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். அவர் மாத்திரையை மாற்றிய பிறகு விடியற்காலைச் சுகர் எப்படி இருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.